மூன்று மொட்டை

ப்ளீச் செய்துகொள்ள வருகிறவர்கள் தலைக்குக் குளித்துவிட்டு வரக்கூடாது. இதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அழுக்குத் தலையோடு பார்லருக்கு எப்படிப் போவது என்று ஷாம்பூ போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டுப் பளபளவென்று வந்து உட்காருவார்கள். நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இரண்டு மூன்று நாள் குளிக்காத தலையில் இயற்கையாக ஒரு பிசுக்கு இருக்கும். மருந்துக்கும் தோலுக்கும் நடுவில் நிற்கிற தடுப்பு அது ஒன்றுதான். அதையும் கழுவிவிட்டால் மருந்து நேராகத் தோலில் இறங்கும்.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். பேப்பர் கொடுத்தீர்கள், டீயும் வாங்கித் தந்தீர்கள். எழுதுவது எனக்குப் புதிதில்லை. வேங்கிக்காலில் பதினாலு வருடமாக பார்லர் நடத்துகிறேன். யாருக்கு என்ன போட்டேன், எத்தனை நிமிடம் வைத்தேன் என்று அன்றன்றைக்கு நோட்டில் எழுதிவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவேன்.

இன்னொரு விதியும் உண்டு. தலையில் மருந்தை வைப்பதற்கு இரண்டு நாள் முன்பு, சீப்பில் வந்த முடியிலிருந்து பத்துப் பதினைந்து இழைகளை எடுத்து அதே மருந்தில் ஊறவைத்துப் பார்க்க வேண்டும். முன்னால் என்ன சாயம் போட்டீர்கள் என்று கேட்டால் வாய் மறைக்கும், முடி மறைக்காது. சோதித்த இழையை ஒரு சின்ன உறையில் போட்டு, பெயர், தேதி, சோதனையில் என்ன ஆனது என்பதையெல்லாம் மேலே எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துவிடுவேன். மற்ற பார்லர்களில் இதற்குப் பொறுமை கிடையாது. நான் இந்தப் பதினாலு வருடத்தில் ஒருவருக்குக்கூட அதைத் தவறவிட்டதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

என் தங்கை கவிநிலா என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அம்மா போனபோது எனக்குப் பதினெட்டு, அவளுக்கு ஆறு. அடுத்த வருடமே அப்பா கீழ்பென்னாத்தூரில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. அறுவடை முடிந்தால் வேர்க்கடலை மூட்டை அனுப்புவார். சின்னவளை அனுப்பு என்று அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

காலையில் எழுந்ததும் என் முதல் வேலை அவளுக்குத் தலை வாரிவிடுவது. பள்ளிக்கூடம், காலேஜ், பிறகு கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் அவள் வேலைக்குப் போன கம்ப்யூட்டர் சென்டர், எல்லாவற்றுக்கும் நான் பின்னிவிட்ட பின்னலோடுதான் போனாள். பதினேழு வருடம். இடுப்பைத் தாண்டும் முடி. உச்சியில் எங்கே சுழி இருக்கிறது, எந்தப் பக்கம் சிக்கு அதிகம் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். "வலிக்குதுக்கா" என்பாள். "பொறுத்துக்கோடி" என்பேன். அவளும் பொறுத்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் பொழுது அப்படித்தான் விடியும்.

பத்தொன்பது வயதில் அவளுக்கு இளநரை கண்டது. பௌர்ணமிக்கு மலை சுற்றப் போகிறபோது அடி அண்ணாமலை பக்கம் ருத்ராட்சமும் சாமி படமும் விற்கிற ஒரு கடையில் மூலிகைக் கருப்புப் பொடி என்று ஒன்றை வாங்க ஆரம்பித்தாள். மலையில் விளைகிற மூலிகை என்று சொல்லிவிட்டால் போதும், இந்த ஊரில் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். பாக்கெட்டில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. பார்லர்காரி தங்கை கிரிவலக் கடையில் பொடி வாங்குவதா என்று நான் திட்டுவேனாம், அதனால் எனக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டாள். தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தினமும் அந்தத் தலையை வாருகிறவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்? இலை தழைச் சாயம் நாளாக ஆக வெளுக்கும். இது நாளாக ஆக, வெயில் படப் படக் கறுத்தது. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை விமல்ராஜ், ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தை மாதம் முகூர்த்தம். கல்யாணம் முடிந்த நாலாம் நாள் ஓசூருக்குக் குடித்தனம் போவது என்று பேச்சு. நான்தான் முன்னால் நின்று வெற்றிலை பாக்கு மாற்றினேன். எனக்கு விருப்பமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கார்த்திகை தீபம் முடிந்து கூட்டமெல்லாம் வடிந்த பிறகு ஒரு நாள் கவிநிலா பார்லருக்கு வந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாடியில் இருக்கிற வீட்டுக்கார அம்மா ஜோதியம்மாளும் அப்போது அங்கே பூ கட்டிக்கொண்டிருந்தார். அவரை நீங்கள் விசாரிக்கலாம்.

"அக்கா, கல்யாணத்துக்கு எனக்குத் தேன் கலர் பண்ணி விடேன்" என்றாள்.

"உன் கருப்பு முடியில தேன் கலர் நிக்கணும்னா மொதல்ல உள்ள இருக்கற கருப்ப எறக்கணும்டி. செவப்பு, செம்பட்டை, மஞ்சள்னு ஒவ்வொரு படியா எறங்கும். ஒரே தடவையில பண்ணா முடி உடையும், நுனி வைக்கோலாட்டம் ஆயிடும். வேணாம்."

"அதெல்லாம் உன் கை பாத்துக்கும். மயிரைக் கட்டி மலைய இழுக்கறதுதான்க்கா. வந்தா மலை, போனா மயிரு."

ஜோதியம்மாள் சிரித்துவிட்டார். "அண்ணாமலையையே இழுத்துடுவா போல இருக்குடி உன் தங்கச்சி. கூந்தல் இருக்கறவ அள்ளி முடியறா, பண்ணி விடேன் வினோ."

நான் முடியாது என்று சொன்னேன். அடுத்த வாரம் மறுபடி கேட்டாள். மறுபடியும் முடியாது என்றேன். ஆக இரண்டு தடவை மறுத்திருக்கிறேன்.

மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. விமல்ராஜ் ஓசூரில் பார்த்திருந்த வீட்டைப் போனில் காட்டினாள். சமையல்கட்டு, பால்கனி, ஒரு பெட்ரூம். ஹாலைக் காட்டி, "நீ எப்பனா வந்தா இங்க படுத்துக்கலாம்க்கா" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். "இந்த முடிய வெச்சுட்டு நான் தனியா இன்னா பண்ணுவேன்னு கேட்டேன். அதுக்கு அத்தை சொல்றாங்க, நான் இருக்கேன், தெனமும் நான் வாரி விடறேன்னு."

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் நல்ல அத்தை கிடைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். பிறகு, சரி, தேன் கலர் பண்ணி விடுகிறேன் என்றும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை செய்தேன். வேறு யாரையும் வர வேண்டாம் என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டேன். அவள் காலையிலேயே தலைக்குக் குளித்திருந்தாள். மருந்தில் இருபது, முப்பது, நாற்பது என்று வீரியம் உண்டு. முதல் தடவை ப்ளீச் செய்கிற தலைக்கு இருபதைத் தாண்டக்கூடாது. நான் நாற்பதைக் கலந்தேன். பகுதி பகுதியாகப் பிரித்து, தூரிகையால் வேர்வரை தடவி, வெள்ளித்தாளில் மடித்து வைத்தேன். அவள் போனில் ஓசூர்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

"அக்கா, சுடுது."

"கருப்பு எறங்குதுடி. பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள். அவளுக்குப் பொறுத்துக்கொள்ள நான்தான் பழக்கியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளித்தாளைத் தொட முடியவில்லை. மடிப்புக்குள்ளிருந்து ஆவி வந்தது. அடுப்பில் முடி விழுந்தால் வருமே, அந்த வாடை. "எரியுதுக்கா, எடுத்துடு" என்றாள். நான் கையுறையை மாற்றிக்கொண்டேன். அதுவரை போட்டிருந்தது கிழிந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் முதலில் சுடுது என்று சொன்னதிலிருந்து பேசினுக்கு நான் கூட்டிக்கொண்டு போனது வரை பதினோரு நிமிடம். அன்றைக்கு மட்டும் நோட்டில் எழுதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர் ஊற்றியதும் முடி கையோடு வந்தது. ஊறிப்போன சேமியா மாதிரி இழுத்த இழுப்புக்கு நீண்டு அறுந்தது. அவள் கையைப் பின்னால் கொண்டுவந்து தடவிப் பார்த்தாள். கத்தவில்லை. "என்னாக்கா, தலை இவ்ளோ லேசா இருக்கு" என்று மட்டும் கேட்டாள். அவள் முடி மேல் என்னைவிட ஆசை வைத்தவர்கள் யாரும் கிடையாது, மேடம்.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் பார்த்தார். இடது காதுக்கு மேலேயும் பின்மண்டையிலும் கொப்புளம். தலையில் முன்னாடி என்ன போட்டீர்கள் என்று கேட்டார். கவிநிலா அழுதுகொண்டே சொன்னாள். "கிரிவலக் கடையில பொடி வாங்கிப் போட்டேன் டாக்டர். அக்காவுக்குத் தெரியாது. திட்டும்னு சொல்லாம விட்டுட்டேன்."

அந்த மாதிரிப் பொடிகளில் உலோக உப்பு கலந்திருந்தால் ப்ளீச் மருந்து பட்டதும் கொதித்துவிடும் என்று டாக்டர் அவளுக்கு விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க டெஸ்ட் பண்ணிப் பாக்கலையாம்மா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைத் தம் மனசுக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் கவிநிலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் என் தப்புதான்க்கா, நீ மனசு ஒடஞ்சு போவாத" என்றாள். போனது போகட்டும் விடு என்று சொன்னேன்.

மூன்று வாரத்தில் புண் ஆறியது. அங்கங்கே பிய்ந்துபோன தென்னந்துடைப்பம் மாதிரி மிச்சமிருந்த முடியை எதுவும் செய்ய முடியாது. உடைந்த முடி ஒட்டாது, எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. எடுத்துவிட்டுப் புதிதாக வளர்ப்பதுதான் வழி. இது உண்மை, எந்த டாக்டரும் இதைத்தான் சொல்வார். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மொட்டை போட்டுவிட்டேன்.

வேறு ஊராக இருந்தால் ஒரு கல்யாணப் பெண் மொட்டைத் தலையோடு தெருவில் நடந்தால் ஆயிரம் கேள்வி வரும். இந்த ஊரில் மொட்டைத் தலைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. காரணம் அவர்களே வைத்திருக்கிறார்கள். தழும்பின் மேல் சந்தனத்தைக் குழைத்துப் பூசினேன், முடிந்தது. ஜோதியம்மாள் மாடிப்படியில் நின்று கவிநிலா கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "எவ்ளோ நீட்டு முடிய சாமிக்குக் குடுத்துட்டியேம்மா. நீ கேட்டது கெடைக்கும்" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

விமல்ராஜ் ஓசூரிலிருந்து ஓடிவந்தார். வாசலிலேயே நின்று பேசினார். "முடிதானங்க்கா. வளந்துடும். குறிச்ச தேதியிலயே நான் தாலி கட்றேன், எங்கம்மாவும் அதையேதான் சொல்றாங்க." நல்ல பையன். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். உள்ளேயிருந்து கவிநிலாதான் மறுத்தாள். "மொட்டத் தலையோட மணமேடையில உக்கார மாட்டேன்" என்றாள். கல்யாண ஆல்பம் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் இருக்கும் என்று முந்தின நாள் நான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். இருக்கும்தானே. விக் வைக்கலாம் என்று யாரோ சொன்னபோது, தழும்பில் உராய்ந்து மறுபடி புண்ணாகும் என்றும் சொன்னேன். கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. அவள் வேலையை விட்டுவிட்டாள். காலையில் பழையபடி என் முன்னால் வந்து உட்காருவாள். தேங்காய் எண்ணெயைச் சூடாக்காமல், வெறுமனே இளக வைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தடவுவேன். வெயில் படாமல் மெல்லிய பருத்தித் துணி கட்டிவிடுவேன். தலையணை உறை உராயக்கூடாது என்று அம்மாவின் பட்டுப்புடவையை வெட்டித் தைத்தேன். முருங்கைக்கீரை, முட்டை, அப்பா அனுப்பிய வேர்க்கடலை என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். நாற்பதாவது நாள் பின்மண்டையில் கொப்புளம் ஆறிய இடத்திலும் பூனைமுடி தெரிந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். அந்த அழுகையில் பொய் இல்லை. எங்கள் வீடு அந்த மாதங்களில் இருந்தது போல எப்போதும் இருந்ததில்லை. அவள் எங்கேயும் போகவில்லை, எனக்கும் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். ஆடி வந்தபோது நெற்றியில் விழுகிற அளவுக்கு வந்திருந்தது. இடது காதுக்கு மேல் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மட்டும் வளரவில்லை, அங்கே இனி வளராது. அதைப் பக்கத்து முடியால் மூடிவிடலாம். அவள் கண்ணாடி முன்னால் நின்று, "இதுவே நல்லாத்தான்க்கா இருக்கு. பூ வெச்சு ஊசி குத்திடலாம்" என்றாள்.

"ஒரு பக்கம் ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மியா இருக்குடி. இன்னொரு மொட்டை போட்டா அடர்த்தியா வரும்" என்றேன்.

மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்பது ஊரெல்லாம் நம்புகிற பொய். வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது, கத்தி தோலுக்கு மேலே நின்றுவிடுகிறது. குழந்தைக்கு மூன்று மொட்டை போட்டால் நன்றாக வருமா என்று கேட்கிற தாய்மார்களிடம் நானே இதைச் சொல்லித் திருத்தியிருக்கிறேன். கவிநிலா என்னைக் கேட்கவில்லை. அக்காவுக்குத் தெரியாததா என்று தலையைக் கொடுத்தாள். அது இரண்டாவது மொட்டை. ஆவணி முகூர்த்தம் பங்குனிக்குப் போனது. விமல்ராஜ் அதற்கும் சரி என்றார்.

மாசியில் மறுபடி நெற்றிவரை வளர்ந்தது. இந்த முறை அவள் கோயிலுக்கு வர மறுத்தாள்.

"வேணாம்க்கா. நான் இப்படியே போறேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"அவரு சொல்ல மாட்டாரு. அவங்க சொந்தக்காரங்க மண்டபத்துல உன் தலையவே பாப்பாங்க. தீஞ்ச தலைனு பேசுவாங்க. பாத்துக்கோ, உன் இஷ்டம்."

அன்று சாயந்தரம் அவளே வந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வீட்டிலேயே, என் கையாலேயே மழித்துவிட்டேன். மிகவும் சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல் செய்தேன். அது மூன்றாவது.

அடுத்தடுத்துப் போட்ட மொட்டைகளை வேண்டுதல் என்றே நினைத்திருந்த விமல்ராஜின் அம்மா போன் செய்து, "உங்க வேண்டுதல் எப்பதாம்மா முடியும்?" என்று கேட்டார்கள். கிண்டலாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டார்கள். வைகாசியில் விமல்ராஜுக்கு வேறு இடத்தில் முடிந்தது. சொல்லாமல் இருப்பது தப்பு என்று அவரே போன் செய்து கவிநிலாவிடம் சொன்னார். பாதியில் அவர் அழுதது எனக்குப் பக்கத்து அறையில் கேட்டது.

அவள் அழவில்லை. போனை வைத்துவிட்டு வந்து, சின்ன வயதில் உட்காருவது போல என் முன்னால் திரும்பி உட்கார்ந்தாள். "வாரி விடுக்கா" என்றாள். வாருகிற அளவுக்கு முடி இல்லை. விரல் கணு அளவுக்குத்தான் முளைத்திருந்தது. நான் சீப்பை எடுத்து அந்தக் குட்டை முடியில் மெதுவாக ஓட்டினேன். நெற்றியிலிருந்து பிடரி வரை, வகிடெடுத்து, இரண்டு பக்கமும். "வலிக்கலக்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் இப்போதும் காதிலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு மொட்டை தேவைப்படவில்லை. முடி தானாக, நன்றாகவே வளர்ந்தது. ஒன்றரை வருடத்தில் தோளைத் தொட்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று பார்லருக்குக் கூட்டிக்கொண்டு வந்து தொழில் சொல்லிக்கொடுத்தேன். நல்ல கை அவளுக்கு. முடி பட்டுப்போன பெண்கள் வந்தால் அவளே எண்ணெய் தடவி, "வளந்துடும்மா, நான் இல்ல?" என்று தன் முடியைக் காட்டுவாள். அவர்கள் தைரியமாகப் போவார்கள்.

போன மாதம் இழைச் சோதனையைச் சொல்லிக்கொடுத்தேன். மருந்து எப்படிக் கலப்பது, எத்தனை நிமிடம் பார்ப்பது, உறையில் என்ன எழுதுவது. பிறகு பிஸ்கட் டின்னை எடுத்து அவள் மடியில் வைத்து, "ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாரு. எந்த முடி எப்படி ஆவும்னு கத்துக்கோ" என்றேன். நானேதான் எடுத்துக் கொடுத்தேன். அதை ஏன் செய்தேன் என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். மறந்துவிட்டேன் என்று சொன்னேன், நீங்கள் நம்பவில்லை. எனக்கும் அது நிச்சயமாகத் தெரியவில்லை. சோதித்த இழையைத் தூக்கிப் போட எனக்குக் கை வராது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது அவள் வரவில்லை. போய்ப் பார்த்தால் ஒரே ஒரு உறையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். இப்போது உங்கள் மேசையில் இருக்கிறதே, அதுதான். மேலே என் எழுத்தில் இருப்பதை நீங்களும் படித்திருப்பீர்கள். கவிநிலா. டிசம்பர் 21, புதன். நாலு நிமிடத்தில் கிண்ணம் கொதித்தது. புகை. இழை அறுந்தது. உலோக உப்பு. தலையில் வைக்கவே கூடாது.

"இது உன் எழுத்துதானக்கா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப பொதங்கெழமையே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் தொழில் கற்றுக்கொண்டவள். அடுத்ததை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கெழம காலையில சுடுதண்ணி காய வெச்சு, சீயக்கா கரைச்சுக் குடுத்து, தலைக்குக் குளிச்சுட்டு வாடின்னு சொன்னதும் நீதான்" என்றாள்.

"நான்தான்."

"எதுக்குக்கா?"

"கல்யாணம் ஒரு மாசம் தள்ளிப் போவட்டும்னு பாத்தேன்."

"ஒரு மாசத்துக்கா?" என்றாள். குரல் உயரவில்லை. "மூணு வருஷமா நான்தான் தப்பு பண்ணேன்னு நெனச்சுட்டு இருந்தேன். உன் முகத்தப் பாக்கவே எனக்கு வெக்கமா இருந்துது. தெனமும் என் தலையத் தடவிக்கினே நீ அதைப் பாத்துட்டு இருந்தியா?"

சாப்பாடு ஆறுகிறது என்று சொன்னேன். அவள் உறையை மட்டும் எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மாற்றுத் துணிகூட எடுக்கவில்லை. லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள் என்பதும், உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள் என்பதும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதனால் நீங்கள் கேட்டபடி தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். பொடிக் கடைக்காரர் மேல் எந்தத் தவறும் எழுத வேண்டாம். கவிநிலா மேலும் இல்லை. தலையில் வைத்தால் வெந்துவிடும் என்று சோதித்துத் தெரிந்துகொண்டு, தோலில் இருந்த பிசுக்கும் போகும்படி குளிக்க வைத்து, தேவைக்கு இரண்டு மடங்கு வீரியமுள்ள மருந்தைக் கலந்து, சுடுகிறது என்று அவள் சொன்ன பிறகும் பதினோரு நிமிடம் காத்திருந்தது வினோதினியாகிய நான். பிறகு வளர்ந்த முடியை இரண்டு தடவை பொய் சொல்லி எடுத்ததும் நான். யாரும் தூண்டவில்லை. எனக்கு அப்போது கோபம்கூட இல்லை. அவளுக்கு ஒரு கெடுதல் செய்கிறோம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. வலித்தால் தடவிவிட நான் பக்கத்திலேயே இருந்தேன்.

ஒரே ஒரு உதவி, மேடம். நேற்று அவள் உங்கள் அறையில் உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். வகிடு கோணலாக இருந்தது, பின்னால் சிக்கு விழுந்து கிடந்தது, இடது காதுக்கு மேல் அந்தக் காசு அகலத் தழும்பும் வெளியே தெரிந்தது. தானாக வாரிக்கொள்ள அவளுக்குப் பழக்கமில்லை. நீங்கள் பிடித்துவைத்திருக்கிற என் பையில் சீப்பு இருக்கிறது. அடுத்த முறை வரும்போது ஒரு ஐந்து நிமிடம் இங்கே வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள். வலிக்காமல் வாரிவிட்டு அனுப்பிவிடுகிறேன்.